கடைசி வளைவில் உரசிய இரண்டு விமானங்கள்

கோபுரத்தில் முதல் முறையாகத் தனியாக உட்காரப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பெரிதாக ஏதாவது நடந்துவிட்டால் என்ன சொல்ல வேண்டும்?"

சொல்ல வேண்டிய வாக்கியங்கள் கையேட்டில் இருக்கின்றன. என்னைவிட நன்றாகவே மனப்பாடம் செய்திருப்பீர்கள். நான் சொல்லக்கூடியது வேறு. கோடைகாலச் சனிக்கிழமை ஒன்றில், போட்டியில் பறந்துகொண்டிருந்த இரண்டு விமானங்கள் என் கண்ணெதிரே வானத்தில் ஒன்றையொன்று தொட்டன. தொட்ட பிறகு அந்த இரண்டு விமானிகளும் செய்ததை நான் மேலிருந்து பார்த்தேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும், அதைச் சொல்லத் தொடங்கினால் என் கை மயிர் சிலிர்க்கிறது. நீங்கள் சிரிக்கலாம். பரவாயில்லை.

நான் ஈப்போவில் பிறந்து, படிக்க லண்டனுக்கு வந்து, படிப்பு முடிந்தும் திரும்பாமல் தங்கிவிட்டவள். வீடு ஹவுன்ஸ்லோவில். சமையலறை ஜன்னலுக்கு மேலே ஹீத்ரோவில் இறங்கும் பெரிய விமானங்கள் வரிசையாகப் போகும். ஆனால் என் வேலை அங்கே இல்லை. லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு சின்ன விமானத் திடலில். ஒரே ஒரு தார் ஓடுபாதை, சில கொட்டகைகள், ஒரு தேநீர்க் கடை, படியேறினால் மூச்சு வாங்க வைக்கும் ஒரு கோபுரம். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் சாம்பல் நிறத்தில் தெரியும்.

என் பதவி விமானத் தகவல் அதிகாரி. உங்களில் சிலர் அதே பதவிக்குத்தான் வந்திருக்கிறீர்கள், அதனால் அதன் விசித்திரம் உங்களுக்குத் தெரியும். தரையில் நிற்கும் விமானத்துக்கு நாம் கட்டளையிடலாம். பறக்கும் விமானத்துக்கு முடியாது. அதற்குத் தகவல் மட்டும்தான். காற்று எந்தப் பக்கம், ஓடுபாதையில் யார் இருக்கிறார்கள், அருகில் யார் பறக்கிறார்கள் என்று சொல்லலாம். முடிவு விமானியுடையது. இது ஒரு குறைந்த வேலை என்று தொடக்கத்தில் எனக்கும் தோன்றியதுண்டு. பெரிய விமான நிலையத்தில் "செய்" என்கிறார்கள், நாம் "இப்படி இருக்கிறது" என்கிறோம். அவ்வளவுதானா? அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் அப்படி நினைத்ததே இல்லை.

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு கோடை. எங்கள் திடலில் விமானப் பந்தயம். வேகமான விமானம் ஜெயிக்கும் பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். மெதுவான விமானம் முதலில் கிளம்பும், வேகமானது கடைசியில். கணக்குப் போட்டு இடைவெளி விட்டிருப்பார்கள். எல்லோரும் பிழையில்லாமல் பறந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அதுதான் திருவிழா. பந்தயம் முழுவதும் ஆளுக்கொரு மூலையில் பறந்துகொண்டிருந்தவர்கள், கடைசி வளைவில் ஒரே கொத்தாக வந்து சேருவார்கள். கோபுரத்தில் இருப்பவர் பைனாகுலரைக் கீழே வைக்காமல் இருப்பதும் அந்தக் கடைசி வளைவில்தான். எங்கள் திடலில் அது ஒரு நீர்த்தேக்கத்தின் மூலை. அங்கே திரும்பினால் நேராக ஓடுபாதையைப் பார்த்து வரலாம்.

அன்று பறந்தவர்களில் இருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் டாக்டர் கதிரேசன். மதுரைக்காரர், நோர்பரியில் குடியிருந்தார், மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பவர். அவருடைய விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே இருக்கும். கீழே உள்ளதெல்லாம் நன்றாகத் தெரியும், மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்னொருவர் ஹெலன், பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய விமானத்துக்கு இறக்கை இருக்கைக்குக் கீழே. வானம் முழுவதும் தெரியும், தனக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஹெலனுடையது மேலேயும் டாக்டருடையது கீழேயும் வந்தால், இரண்டு நல்ல விமானிகள் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது.

கோபுரத்தில் என்னோடு பந்தய இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். நேர்மையான, சீக்கிரம் பதறுகிற ஆங்கிலேயர். கீழே தீயணைப்பு வண்டியில் இருந்தவர் பெயர் தவம். யாழ்ப்பாணத்துக்காரர், வார நாட்களில் ஹீத்ரோவில் விமானப் பழுதுபார்ப்பு வேலை, வார இறுதியில் எங்கள் திடலின் மீட்புக் குழுத் தலைவர். ஹவுன்ஸ்லோவிலிருந்து என் காரில்தான் வருவார். வரும் வழியெல்லாம் ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார். என்னோடு பேச மாட்டார்.

நீர்த்தேக்கத்தின் மூலையில் முதல் கொத்து திரும்பியபோது நான் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் முன்னால், தாழ்வாக. ஹெலன் பின்னால், சற்று மேலே, வேகமாக நெருங்கிக்கொண்டிருந்தார். முந்துகிறவர் விலகிப் போக வேண்டும் என்பது விதி. விலகிப் போக, முதலில் கண்ணில் பட வேண்டும். ஹெலன் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும் என்று மூக்கை லேசாகத் தாழ்த்தினார். இரண்டு புள்ளிகள் ஒரு புள்ளியாயின. தூரத்தில் பார்க்கும்போது அப்படி அடிக்கடி தெரியும், அது வெறும் கண் மயக்கம். இந்த முறை அந்த ஒற்றைப் புள்ளி குலுங்கியது. அதிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று கழன்று, வெயிலில் ஒருமுறை மின்னி, வாற்கோதுமை வயலுக்குள் விழுந்தது. பிறகு இரண்டு புள்ளிகள்.

இரண்டும் பறந்துகொண்டிருந்தன. அதை முழுதாக நம்ப எனக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

முதலில் டாக்டரின் குரல் வந்தது. ரேடியோவில் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். நினைவில் இருப்பதைத் தமிழில் தருகிறேன். "என்னை ஏதோ இடித்துவிட்டது. விமானம் இடப் பக்கம் இழுக்கிறது."

அது முடிவதற்குள் ஹெலன்: "இடித்தது நான்தான் என்று நினைக்கிறேன். மன்னிக்க வேண்டும்."

அடுத்து எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த விமானிகளுக்கு நல்ல எண்ணம்தான். ஒருவர் எச்சரிக்கை செய்ய, ஒருவர் உதவி கேட்க, ஒருவர் தான் பார்த்ததைச் சொல்ல. ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறி, காதில் வெறும் கீச்சொலி. அந்தச் சத்தத்துக்குள் அந்த இரண்டு பேரில் ஒருவர் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது.

ஒரு சின்ன இடைவெளி கிடைத்ததும் நான் மைக்கை அழுத்தினேன். தினமும் காற்றின் திசையைச் சொல்லும் அதே வேகத்தில் சொன்னேன். "இரண்டு விமானங்கள் வானில் உரசியிருக்கின்றன. இரண்டும் பறக்கின்றன. பந்தயம் நிறுத்தப்பட்டது. மற்றவர்கள் தெற்கே விலகி இருந்தால் உதவியாக இருக்கும். அவர்கள் இருவரும் மட்டும் பேசட்டும்." பந்தயம் நிறுத்தப்பட்டது என்று சொல்லும்போது இயக்குநரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. வேகமாகத் தலையசைத்தார்.

ரேடியோ அமைதியானது. அந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. போட்டியில் ஜெயிக்க வந்தவர்கள் அத்தனை பேரும், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்போது, ஒரு சொல்லும் பேசாமல் தெற்கே திரும்பினார்கள். ஒருவர் பின் ஒருவராக அந்தச் சின்ன இறக்கைகள் சாய்ந்ததைப் பார்த்தேன். அவர்களுக்கு நான் கட்டளையிடவில்லை. எனக்கு அந்த உரிமையும் இல்லை.

இப்போது எனக்கு என்ன தெரியும்? ஏதோ ஒன்று விழுந்தது தெரியும். எதிலிருந்து விழுந்தது என்று தெரியாது. அதை அப்படியே சொன்னேன். "ஏதோ ஒரு பொருள் கழன்று வயலில் விழுந்ததைப் பார்த்தேன். உங்கள் இருவரில் யாருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை." தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நீங்கள் ஊகித்துச் சொல்வதைக் கேட்டு ஒரு விமானி சக்கரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இறங்கிவிடுவார்.

பிறகு ஹெலன் பேசினார். வகுப்பில் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்வது போன்ற குரல்.

"எனக்குக் கட்டுப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறது. நான் அவருக்கு வலப் பக்கம், அவர் உயரத்திலேயே போய் அவருடைய வாலைப் பார்க்கிறேன்."

இயக்குநர் என் தோளைப் பிடித்துவிட்டார். "வேண்டாம் என்று சொல்லுங்கள்! இப்போதுதான் அவரை இடித்தாள். மறுபடி பக்கத்தில் போகிறேன் என்கிறாளே. வேண்டாம் என்று சொல்லுங்கள்!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். சொல்லியிருந்தால் ஹெலன் கேட்டிருப்பார். என்னிடம் கட்டளையிடும் உரிமை இல்லாவிட்டாலும், கோபுரத்திலிருந்து ஒரு "வேண்டாம்" வந்தால் அந்த நிலையில் யாரும் மீற மாட்டார்கள். அதனால்தான் சொல்லத் தயங்கினேன். டாக்டரின் வாலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, அவரால் தன் வாலைப் பார்க்க முடியாது. அதைப் பார்க்கக்கூடியவர் உலகத்தில் அந்த நேரத்தில் ஒரே ஒருவர்தான். அவரை நான் தடுத்தால், என் பயத்தைத் தணித்துக்கொள்வதற்காகத் தடுத்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் பக்கத்தில் ஒருவர் வருவதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவர் டாக்டர். அவரைத்தான் கேட்டேன். "அவர் உங்கள் வலப் பக்கம், உங்கள் உயரத்திலேயே வந்து பார்ப்பதாகச் சொல்கிறார். உங்களுக்குச் சம்மதமா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் நாக்கு நுனிவரை தமிழ் வந்துவிட்டது. டாக்டரை எனக்கு நன்றாகத் தெரியும். தேநீர்க் கடையில் அவரும் நானும் தவமும் மூன்று ஊர்த் தமிழில் சண்டை போடுவோம். பயந்திருக்கும் ஒருவரிடம் அவருடைய மொழியில் ஒரு வார்த்தை சொல்ல யாருக்குத்தான் தோன்றாது? சொல்லவில்லை. நான் டாக்டரிடம் சொல்லும் ஒவ்வொன்றும் ஹெலனுக்கும் புரிய வேண்டும். அவருக்குப் புரியாத ஒரு வாக்கியம் அந்த நேரத்தில் ரேடியோவில் போனால், அவர் என்ன நினைப்பார்? அந்தப் பெண் ஏற்கெனவே ஒருமுறை, தனக்குத் தெரியாத ஒன்றின் மேல் மோதியிருந்தார்.

டாக்டர் பதில் சொன்னார். "சம்மதம். எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

அதற்குப் பிறகு நான் பார்த்ததைப் போன்ற ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நீர்த்தேக்கத்துக்கு மேலே டாக்டரின் விமானம் கோணலாகப் பறந்துகொண்டிருந்தது. மூக்கு ஒரு பக்கம், போகும் திசை ஒரு பக்கம். இறக்கையை எதிர்ப்பக்கம் சாய்த்து, அந்த இழுப்பைக் கையாலேயே பிடித்து வைத்திருந்தார். ஹெலன் வெகு தூரத்தில் இருந்தே அவர் கண்ணில் படும்படி அகலமாகச் சுற்றி வந்தார். அவசரப்படவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு ஒற்றையடிப் பாதையில் எதிரே வருபவருக்கு வழி விடுவதைப் போன்ற மரியாதையோடு நெருங்கினார். கடைசியில் இரண்டு விமானங்களும் இறக்கைக்கு இறக்கை, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் வந்தன. கொஞ்ச நேரத்துக்கு முன் ஒன்றையொன்று கொன்றிருக்கக்கூடியவை. கீழே நீரில் இரண்டு நிழல்களும் பக்கத்தில் பக்கத்தில் நழுவிக்கொண்டிருந்தன. இயக்குநர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஹெலன் பார்த்ததைச் சொன்னார். "செங்குத்து வாலின் மேல்பகுதி இல்லை. திசை திருப்பும் சுக்கான் இடப் பக்கம் வளைந்திருக்கிறது, கீழ்க் கீல் மட்டும்தான் அதைப் பிடித்திருக்கிறது. மூக்கை ஏற்றி இறக்கும் தட்டு முழுதாக இருக்கிறது, ஆனால் சுக்கான் கழன்றால் அதன் மேல்தான் விழும். வேகத்தை ரொம்பக் குறைக்காதீர்கள்."

"புரிந்தது," என்றார் டாக்டர். ஒரு விநாடி கழித்து, "உங்களுக்கும் நான் பார்த்துச் சொல்கிறேன். இடது சக்கரம் இல்லை. அதைத் தாங்கும் கால் இருக்கிறது, பின்னால் மடங்கியிருக்கிறது. எண்ணெய் ஏதோ சொட்டுகிறது, தீ இல்லை, புகை இல்லை."

தன் விமானத்தின் வால் ஒரு கீலில் தொங்குகிறது என்று அப்போதுதான் கேட்ட மனிதர். அடுத்த மூச்சில் அடுத்தவருடைய காயத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

இறங்குவதற்கு இருந்தது ஒரே ஓடுபாதை. யார் முதலில்? ஒற்றைச் சக்கரத்தில் இறங்குபவர் பாதையிலேயே சரிந்து கிடந்தால் மற்றவருக்கு இடமில்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் ஹெலன் தீர்த்துவிட்டார். "என்னிடம் எரிபொருள் இருக்கிறது, நான் காத்திருப்பேன். அவருடைய கீல் காத்திருக்குமா என்று தெரியாது. அவர் போகட்டும்."

இப்போது நான் ஜன்னலுக்குக் கீழே பார்த்தேன். பந்தயம் பார்க்க வந்த ஜனங்கள். ஓடுபாதையின் தென்புற வேலிக்குப் பின்னால், விரிப்புப் போட்டு, மடக்கு நாற்காலி போட்டு, பிள்ளை குட்டிகளோடு. காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி இறங்கினால், அவர்கள் டாக்டரின் இடப் பக்கம் இருப்பார்கள். அவர் விமானம் இழுப்பதும் இடப் பக்கம்தான்.

தவத்தின் கைரேடியோவுக்குச் சொன்னேன். "தவம், சனங்களைத் தள்ளிப் போகச் சொல்ல முடியுமா?"

"இப்ப ஏலாது அக்கா," என்றார் தவம். "எழும்பச் சொன்னா ஓடுவினம். எந்தப் பக்கம் ஓடுவினம் எண்டு ஆருக்குத் தெரியும்? இருந்த இடத்திலயே இருக்கச் சொல்லி அறிவிக்கச் சொல்லிப்போட்டன். அவரை மற்றப் பக்கத்தால வரச் சொல்லுங்கோ."

வரச் சொல்ல எனக்கு உரிமையில்லை. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கினால் விமானம் இன்னும் வேகமாகத் தரையைத் தொடும், இன்னும் நெடுந்தூரம் ஓடும். சுக்கான் இல்லாத ஒருவரிடம் அதைக் கேட்பது சின்ன விஷயமில்லை. அது அவர் உயிர். நான் தகவலைச் சொன்னேன்.

"காற்று மேற்கிலிருந்து, மெதுவாக. மேற்கு நோக்கி இறங்கினால் பார்வையாளர்கள் உங்கள் இடப் பக்கம். கிழக்கு நோக்கி இறங்கினால் உங்கள் வலப் பக்கம், உங்கள் இடப் பக்கம் வெறும் வயல். ஓடுபாதை காலியாக இருக்கிறது."

நான் சேர்த்தது அவ்வளவுதான். ஆனால் எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்பதில்தான் நம் வேலை முழுவதும் இருக்கிறது என்று அன்று புரிந்துகொண்டேன்.

அவர் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் மிகக் குறைவு. "கிழக்கு நோக்கி வருகிறேன்," என்றார்.

வந்தார். இறங்குவதற்காகச் சுற்றி வரும் பாதையில் பாதிவரை ஹெலன் அவருக்கு இணையாகவே பறந்து, கீல் இன்னும் பிடித்திருக்கிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மேலேறி விலகினார். டாக்டர் கோணலாகவே இறங்கினார். எல்லோரும் இறங்கும் வேகத்தைவிட அதிகமான வேகம். சக்கரம் தாரைத் தொட்டு, எகிறி, மறுபடி தொட்டது. கொஞ்ச தூரம் நேராக ஓடியது. வேகம் குறையக் குறைய இழுப்பு ஜெயித்தது. விமானம் இடப் பக்கம் திரும்பி, புல்லைத் தாண்டி, வடக்கு வயலுக்குள் பாய்ந்து, அரை வட்டம் சுழன்று, ஒரு இறக்கை நுனியை மண்ணில் ஊன்றி நின்றது. வாற்கோதுமைத் தூசி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது.

தூசிக்குள் தவத்தின் வண்டி புகுந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு தவத்தின் குரல்.

"ஆள் வெளியால வந்திட்டார் அக்கா. நடக்கிறார். ஒரு கீறலும் இல்லை."

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்காரவில்லை. மேலே இன்னும் ஒருவர் இருந்தார்.

ஹெலனுக்கு இருந்த ஆபத்தும் இடப் பக்கம்தான், சக்கரம் போனது அந்தப் பக்கம். ஆனால் இப்போது வடக்கு வயலில் டாக்டரின் விமானமும் தவத்தின் ஆட்களும் இருந்தார்கள். கிழக்கு நோக்கி வந்தால் அவர்கள் மேல் திரும்பலாம், மேற்கு நோக்கி வந்தால் ஜனங்கள் மேல். இரண்டையும் சொன்னேன். "பார்வையாளர்களை இப்போது நிதானமாக நகர்த்த முடியும், உங்களுக்குக் காத்திருக்க முடியுமானால்," என்றேன்.

"திங்கட்கிழமை காலைவரை எனக்கு வகுப்பு எதுவும் இல்லை," என்றார் ஹெலன்.

கோபுரத்தில் இயக்குநர் சத்தமாகச் சிரித்துவிட்டார். கண்ணில் நீரோடு சிரித்தார்.

ஹெலன் மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தார். கீழே தவம் வயலிலிருந்து ஓடுபாதையைக் கடந்து வந்து, ஜனங்களுக்குப் பின்னால் நடந்து நடந்து, கையைத் தாழ்த்தித் தாழ்த்தி, அவர்களைக் கொட்டகைகளுக்குப் பின்னால் கொண்டுபோனார். யாரும் ஓடவில்லை. விரிப்பை மடித்து, தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கோயில் பிரகாரத்தில் நடப்பது போல் நடந்தார்கள். போகும்போது எல்லோரும் தலையை அண்ணாந்து அந்த ஒற்றை விமானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். தங்களுக்காகத்தான் அது மேலே சுற்றுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தென்பக்கம் காலியானதும் ஹெலன் மேற்கு நோக்கி இறங்கினார். வலது சக்கரம் மட்டும் தரையைத் தொட்டது. இடது இறக்கையை மேலே தூக்கிப் பிடித்தபடியே ஓடினார். ஓடினார், ஓடினார். வேகம் வடியும்வரை அந்த இறக்கை கீழே வரவே இல்லை. காற்றில் எவ்வளவு பலம் மிச்சம் இருந்ததோ அவ்வளவையும் பயன்படுத்திக்கொண்டு, இனி தாங்காது என்ற இடத்தில், உறங்கும் குழந்தையின் கையைக் கட்டிலில் வைப்பது போல் அதைக் கீழே வைத்தார். உலோகம் தாரில் தேய்ந்தது. விமானம் இடப் பக்கம் திரும்பி, புல்லில் நின்றது. வேலிக்கு வெகு தூரம் முன்னதாகவே.

யாரும் கை தட்டவில்லை. பந்தயத்தில் முதலாவதாக வருபவருக்குத் தட்டுவதற்காகக் காத்திருந்த கைகள். அன்று அவை போதாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் தேநீர்க் கடையில் ஹெலன் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. "முந்துகிறவர்தான் விலக வேண்டும். நான் விலகவில்லை. உங்களை நான் பார்க்கவில்லை," என்றார்.

"நீங்கள் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது," என்றார் டாக்டர். கோப்பையை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமலே பிடித்திருந்தார். ஹெலன் அந்தக் கோப்பையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார்.

வெளியே வந்து என் காருக்குப் பக்கத்தில் நின்றபோது டாக்டர் என்னிடம் தமிழில் பேசினார். "நீங்க மட்டும் தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உடைஞ்சிருப்பேன். தினமும் சொல்ற மாதிரியே காத்து மேற்கிலேர்ந்துன்னு சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டதும், சரி, இதுவும் ஒரு லேண்டிங்தான்னு தோணுச்சு."

"சொல்லணும்னு ரொம்ப இருந்துச்சு டாக்டர்," என்றேன்.

"தெரியும். நீங்க மைக்கை அழுத்திட்டு ஒரு விநாடி சும்மா இருந்தீங்க. அது எனக்குக் கேட்டுச்சு."

தவம் காரின் பின் இருக்கையில் தலை சாய்த்துக் கிடந்தார். அன்று கிரிக்கெட் வேண்டாம் என்றார். "வாற வெள்ளி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போறன் அக்கா. ரெண்டு பேரின்ர பேரிலயும் அருச்சினை செய்யப் போறன். அந்த ரீச்சரின்ர நட்சத்திரம் என்னெண்டு கேக்க மறந்துபோனன்."

விசாரணையாளர்கள் வந்தார்கள். என்னை நெடுநேரம் கேட்டார்கள். ஹெலன் மறுபடி நெருங்கியதை ஏன் தடுக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். இங்கே உங்களுக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. பந்தய இயக்குநரும் பல மாதம் கழித்து என்னிடம் சொன்னார்: "நீங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்." நேர்மையான மனிதர் என்று சொன்னேன் அல்லவா. நீங்களும் சரியென்று யாராவது சொல்வதற்காகக் காத்திருக்காதீர்கள். நம் தொழிலில் அது பெரும்பாலும் வராது. அடுத்த வருடத்திலிருந்து கடைசி வளைவை நீர்த்தேக்கத்தின் மூலையிலிருந்து மாற்றினார்கள், முந்தும் விமானங்களுக்கு இடைவெளியை அகலமாக்கினார்கள். ஹெலன் பந்தயத்தை விட்டுவிட்டார். பறப்பதை விடவில்லை.

அக்டோபரில் ஒரு வார நாள். மேகம் உயரத்தில், காற்று இல்லை, திடலில் ஆள் இல்லை. டாக்டரின் விமானம் புது வாலோடு கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. வாலுக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை, வெள்ளையாக இருந்தது. ரேடியோவில் கூப்பிட்ட குரல் ஹெலனுடையது. வலது இருக்கையில் அவர், இடது இருக்கையில் டாக்டர்.

"விமானத்தில் இரண்டு பேர். நீர்த்தேக்கம்வரை போய்த் திரும்புகிறோம்," என்றார்.

நான் ஓடுபாதையைச் சொன்னேன். காற்று இல்லை என்று சொன்னேன். பிறகு எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "எனக்குத் தெரிந்த வரையில் அந்தப் பக்கம் வேறு விமானம் எதுவும் இல்லை."

"உங்களுக்குத் தெரிந்த வரையில்," என்று ஹெலன் திருப்பிச் சொன்னார். குரலில் ஒரு சிரிப்பு. "சரி. நாங்களும் பார்த்துக்கொண்டே போகிறோம்."

மேலேறிப் போனார்கள். பைனாகுலரை எடுத்துக்கொண்டு, வேறு வேலை எதுவும் இல்லாததால், அவர்கள் திரும்பி வரும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.